எண் இருக்கிறது, கம்பி இல்லை: அலுவலகத் தொலைபேசி இணையத்தில் ஓடுவது எப்படி?

கடைப் பெயர்ப்பலகையில், ரசீதுப் புத்தகத்தில், சரக்கு வண்டியின் பக்கவாட்டில் என்று எல்லா இடத்திலும் ஒரே லேண்ட்லைன் எண். பல வருடப் பழக்கம். திடீரென்று ஒருநாள், "காப்பர் லைனை எடுக்கிறோம், ஃபைபருக்கு மாறிக்கொள்ளுங்கள், எண் மாறாது" என்று தகவல் வருகிறது. அடுத்த வாரம் ஒருவர் வந்து, "சிப் ட்ரங்க் போட்டால் ஒரே எண்ணில் பத்துப் பேர் பேசலாம்" என்கிறார். இன்னொருவர் "பெட்டியே வேண்டாம், எல்லாம் கிளவுடில் இருக்கும்" என்கிறார். மூன்றும் ஒன்றுதானா? கரண்ட் போனால் போன் அடிக்குமா? இணையத்தில் பேசுவது சட்டப்படி சரியா?

பிரிட்டனில் இதே குழப்பம் நாடு முழுக்க நடந்துகொண்டிருக்கிறது. அங்கே பழைய வகை இணைப்பைப் புதிதாக விற்பதை 2023 செப்டம்பரிலேயே நிறுத்திவிட்டார்கள். பழைய தொலைபேசி வலைப்பின்னலை மொத்தமாக அணைக்க 2025 டிசம்பர் என்று வைத்திருந்த கெடு 2027 ஜனவரிக்குத் தள்ளிப்போயிருக்கிறது. ஏன் தள்ளிப்போனது என்பதில் நமக்கும் பாடம் உண்டு. அதைப் பிறகு பார்ப்போம்.

பழைய லைனில் எண் என்றால் ஓர் இடம்

எக்ஸ்சேஞ்சிலிருந்து உங்கள் மேசை வரை ஒரு ஜோடித் தாமிரக் கம்பி. எக்ஸ்சேஞ்சில் அந்த ஜோடி எந்த முனையில் கட்டப்பட்டிருக்கிறதோ அதுதான் உங்கள் எண். கடையை அடுத்த தெருவுக்கு மாற்றினால் விண்ணப்பம் கொடுத்துக் காத்திருக்க வேண்டியிருந்ததற்குக் காரணம் இதுதான். ஒரு ஜோடியில் ஒரு சமயம் ஒரு பேச்சுதான். ஐந்து பேர் பேச வேண்டுமென்றால் ஐந்து ஜோடி. முதல் லைன் பிஸியாக இருந்தால் இரண்டாவதுக்குத் தாவும் "ஹன்டிங்" வசதியை அதன் மேல் சேர்ப்பார்கள்.

பெரிய அலுவலகங்கள் இதைத் தாண்டி பிஆர்ஐ லைனுக்குப் போயின. நொடிக்கு 2.048 மெகாபிட் ஓடும் ஒரே இணைப்பை 32 பங்காகப் பிரித்து, அதில் 30 பங்கைப் பேச்சுக்குக் கொடுப்பார்கள். ஒரு பங்கு 64 கிலோபிட். இந்த 64 எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் மீதி எல்லாம் எளிது. தொலைபேசியில் நம் குரலின் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையான பகுதி மட்டுமே போகிறது. அதை நொடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டில் எழுதினால் 64,000 பிட். ஜி.711 என்ற இந்த முறை 1972லேயே உலகத் தரமாகிவிட்டது.

ஆக, குரல் எண்களாக மாறியது புதிய சங்கதி இல்லை. அந்த எண்கள் பயணம் செய்யும் விதம்தான் இப்போது மாறியிருக்கிறது. முன்பு பேச்சு முடியும்வரை ஒரு பாதை முழுக்க உங்களுக்கே ஒதுக்கப்பட்டிருக்கும். நீங்கள் பேசாமல் இருந்தாலும் அது காலியாகவே காத்திருக்கும்.

குரலைப் பொட்டலம் கட்டுதல்

இணையத்தில் யாருக்கும் பாதை ஒதுக்குவதில்லை. குரலை 20 மில்லி நொடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் ஒரு பொட்டலமாக்கி, மேலே முகவரி ஒட்டி அனுப்புகிறார்கள். நொடிக்கு 50 பொட்டலம். ஜி.711 முறையில் ஒவ்வொன்றிலும் 160 பைட் குரல், 40 பைட் முகவரியும் வரிசை எண்ணும். கூட்டிப் பார்த்தால் நொடிக்கு 80 கிலோபிட், அலுவலக கேபிளில் ஓடும்போது கிட்டத்தட்ட 87.

இதையே உங்கள் சட்டைப்பையில் இருக்கும் செல்போனும் செய்கிறது. வோல்ட்டி என்பது 4ஜி வலைப்பின்னலில் குரலைப் பொட்டலமாக அனுப்பும் முறை. 2016 செப்டம்பரில் தொடங்கிய ஜியோவிடம் 4ஜி மட்டுமே இருந்ததால், அதில் தொடக்கத்திலிருந்தே எல்லா அழைப்பும் இப்படித்தான். இணையத்தொழில்நுட்பத்தில் பேசினால் தரம் இருக்காது என்று நினைப்பவர்கள் தினமும் அதில்தான் பேசுகிறார்கள்.

ஓர் அழைப்பு உள்ளே வரும் வழி

அழைப்பைத் தொடங்கவும் முடிக்கவும் ஒரு பொது மொழி வேண்டும். அதற்கு எஸ்ஐபி என்று பெயர். துறையில் இருப்பவர்கள் சேர்த்து "சிப்" என்பார்கள். இப்போது புழக்கத்தில் இருக்கும் வடிவம் 2002இல் வெளியானது. மாதத் தவணை முதலீட்டுத் திட்டத்துக்கும் இதே மூன்றெழுத்துதான், இரண்டுக்கும் தொடர்பில்லை.

திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனம் இருக்கிறது, மதுரையிலிருந்து வாடிக்கையாளர் அதன் 0421 எண்ணை அழைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

1. அழைப்பு வருவதற்கு முன்பே ஒரு வேலை நடந்துகொண்டிருக்கும். அலுவலக மேசைப் போன் ஒவ்வொன்றும் சில நிமிடத்துக்கு ஒருமுறை சர்வரிடம் "நான் இன்ன முகவரியில் இருக்கிறேன்" என்று பதிவு செய்கிறது.

2. மதுரைக்காரரின் செல்போன் நிறுவனம் எண்ணின் தொடக்க இலக்கங்களைப் பார்த்து, அந்த வரிசை எந்த நிறுவனத்துடையதோ அதனிடம் அழைப்பை ஒப்படைக்கிறது.

3. அந்த நிறுவனத்தின் சர்வர் தன் பட்டியலில் எண்ணைத் தேடி, திருப்பூர் அலுவலகத்துக்கு "ஓர் அழைப்பு வருகிறது" என்ற செய்தியை அனுப்புகிறது.

4. அலுவலகத்தின் ஈபிஏபிஎக்ஸ், அதாவது உள் அழைப்புகளைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி, யாருடைய மேசையில் மணி அடிப்பது என்று முடிவு செய்கிறது. "ஆர்டருக்கு 1 அழுத்தவும்" என்று சொல்வதும் அதுதான்.

5. ஒருவர் எடுத்ததும், எந்த முறையில் குரலைச் சுருக்குவது, எந்த முகவரிக்கு அனுப்புவது என்று இரு பக்கமும் ஒத்துக்கொள்கின்றன. அப்புறம்தான் குரல் பொட்டலங்கள் ஓடத் தொடங்கும்.

6. வைத்தவுடன் முடிவுச் செய்தி போகும். யார், எப்போது, எவ்வளவு நேரம் பேசினார் என்ற பதிவு சர்வரில் எழுதப்படும்.

இதில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். முதலாவது, எண் இப்போது எந்தக் கம்பியிலும் கட்டப்படவில்லை. சர்வரில் உள்ள ஒரு பட்டியலில் ஒரு வரியாக இருக்கிறது. அந்த வரியை மாற்றினால் எண் வீட்டுக்கு வரும், கோடவுனுக்குப் போகும், ஐந்து பேரின் செல்போனில் ஒரே நேரத்தில் அடிக்கும். இந்தத் தொழில்நுட்பத்தின் எல்லா நன்மையும் எல்லா ஆபத்தும் இந்த ஒரு மாற்றத்திலிருந்துதான் கிளம்புகின்றன.

இரண்டாவது, அழைப்புச் செய்தி ஒரு வழியில் போகிறது, குரல் வேறு வழியில் போகலாம். "மணி அடிக்கிறது, எடுத்தால் நான் பேசுவது அவருக்குக் கேட்கிறது, அவர் பேசுவது எனக்குக் கேட்கவில்லை" என்ற புகார் இதில்தான் பிறக்கிறது. உங்கள் போன் 192.168 என்று தொடங்கும் உள்முகவரியைக் கொடுத்துவிட்டிருக்கும். வெளியுலகில் அந்த முகவரிக்குப் பொருளே இல்லை. ரவுட்டர் இதைத் தானே சரிசெய்வதாக நினைத்துச் செய்திக்குள் கைவைப்பதும் உண்டு. ரவுட்டர் அமைப்பில் "சிப் ஏஎல்ஜி" என்ற அந்த வசதியை அணைத்துவிட்டுப் பார்ப்பதுதான் முதல் வைத்தியம். பலமுறை அதிலேயே தீர்ந்துவிடும்.

விற்க வருபவர்கள் சொல்லும் மூன்று பொருள்

ஃபைபர் லேண்ட்லைனில், வீட்டுக்கு வரும் ஃபைபர் மோடத்திலேயே போன் செருகும் துளை இருக்கும். பழைய போனையே செருகலாம். சிப் வேலை எல்லாம் மோடத்துக்குள் நடக்கும், உங்களுக்கு எதுவும் தெரியாது. ஒரு கடைக்கு, ஒரு கிளினிக்குக்கு இது போதும்.

சிப் ட்ரங்க் என்பது பிஆர்ஐ லைனின் வாரிசு. தொலைபேசி நிறுவனத்துக்கும் உங்கள் அலுவலக ஈபிஏபிஎக்ஸுக்கும் இடையே ஓர் இணைப்பு. அதில் எத்தனை பேச்சு ஒரே நேரத்தில் என்பது ஒப்பந்தத்தில் எழுதும் ஓர் எண் மட்டுமே. 30, 60 என்று அடுக்கடுக்காக வாங்கத் தேவையில்லை. 12 வேண்டுமென்றால் 12. ஈபிஏபிஎக்ஸும் இப்போது ஒரு மென்பொருள்தான். 1999இல் மார்க் ஸ்பென்சர் எழுதத் தொடங்கிய ஆஸ்டெரிஸ்க் என்ற திறந்த மென்பொருளை ஒரு சாதாரணக் கணினியில் போட்டே பலர் நடத்துகிறார்கள்.

கிளவுட் பிபிஎக்ஸில் அந்த மென்பொருளும் உங்களிடம் இருக்காது. மாதக் கட்டணம் கட்டினால் அவர்கள் சர்வரில் நடக்கும்.

வாட்ஸ்அப் அழைப்பு இந்த வரிசையில் சேராது. அதில் எண் ஓர் அடையாளம் மட்டும்தான். அழைப்பு அந்தச் செயலிக்குள்ளேயே தொடங்கி அங்கேயே முடிகிறது. பொதுத் தொலைபேசி வலைப்பின்னலைத் தொடுவதில்லை.

தரத்துக்கு வேகம் முக்கியமில்லை, சீர் முக்கியம்

"நூறு எம்பிபிஎஸ் லைன் இருக்கிறது, ஆனாலும் குரல் விட்டுவிட்டு வருகிறது" என்பார்கள். கணக்கு போட்டுப் பார்ப்போம். எட்டுப் பேர் ஒரே நேரத்தில் பேசினால் 87 கிலோபிட் வீதம் ஒரு திசைக்கு 700 கிலோபிட்டுக்கும் கீழே. ஒரு எம்பிபிஎஸ்கூட முழுதாக ஆகவில்லை. வேகம் பற்றாக்குறை இல்லை என்றால் பிரச்சினை எங்கே?

பொட்டலங்கள் 20 மில்லி நொடிக்கு ஒன்றாக, தாளம் தப்பாமல் வரவேண்டும். ஒன்று 5 மில்லி நொடியில் வந்து, அடுத்தது 60 மில்லி நொடி கழித்து வந்தால் பேச்சு உடையும். இந்த ஏற்ற இறக்கத்துக்கு ஜிட்டர் என்று பெயர். கேட்கும் பக்கத்துப் போன் பொட்டலங்களைக் கொஞ்ச நேரம் தேக்கிவைத்து, ஒழுங்குபடுத்தி, பிறகு ஒலிக்கிறது. தேக்கும் நேரத்துக்குள் வராத பொட்டலம் வந்தும் பயனில்லை. கோப்பு இறக்கும்போது தொலைந்த துண்டை மறுபடி கேட்டு வாங்கலாம். பேச்சில் அது முடியாது, அந்த நொடி போய்விட்டது.

தாளத்தைக் கெடுப்பது பெரும்பாலும் வெளியே இல்லை, நம் அலுவலகத்துக்குள்ளேயே இருக்கிறது. ஒருவர் வெளிநாட்டு பையருக்கு சாம்பிள் வீடியோவை அனுப்புகிறார். அப்லோட் வேகம் 10 எம்பிபிஎஸ். ரவுட்டரில் 500 கிலோபைட் வரிசையில் நிற்கிறது. அதற்குப் பின்னால் வரும் குரல் பொட்டலம் 0.4 நொடி காத்திருக்கும். ஒரு பக்கத்துக்கு 150 மில்லி நொடிக்கு மேல் தாமதம் போகாமல் இருப்பது நல்லது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. 400 மில்லி நொடி ஆகிவிட்டால் இருவரும் ஒருவர் பேச்சில் மற்றவர் மோதிக்கொண்டே இருப்பார்கள். அதிக வேகத் திட்டத்துக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் ரவுட்டரில் குரலுக்கு முதலிடம் கொடுக்கும் அமைப்பைச் செய்யுங்கள். மேசைப் போன்களை வைஃபையில் விடாமல் கேபிளில் இணையுங்கள். என் பார்வையில் இந்த இரண்டுக்கும் ஈடான செலவு வேறில்லை.

சர்வர் எங்கே இருக்கிறது என்பதும் கணக்கில் சேரும். ஃபைபரில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். சென்னை முதல் டெல்லி வரை 2,200 கிலோமீட்டர் என்றால் 11 மில்லி நொடி, கவலையே இல்லை. ஆனால் கிளவுட் நிறுவனத்தின் குரல் சர்வர் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இருந்தால், நேர்கோட்டிலேயே 13,000 கிலோமீட்டருக்கு மேல். திருப்பூரில் இருக்கும் இருவர் பேசிக்கொள்ளக் குரல் அங்கே போய்த் திரும்பினால், தூரத்துக்கு மட்டுமே 130 மில்லி நொடி கரைந்துவிடும்.

கரண்ட் போனால்

தாமிரக் கம்பி குரலோடு மின்சாரத்தையும் கொண்டுவந்தது. எக்ஸ்சேஞ்சில் இருக்கும் பேட்டரி 48 வோல்ட்டைக் கம்பியில் அனுப்பும். அதனால்தான் ஊரே இருட்டில் இருந்தாலும் லேண்ட்லைன் அடித்தது. ஃபைபர் என்பது கண்ணாடி இழை, அதில் மின்சாரம் போகாது. உங்கள் மோடம், சுவிட்ச், மேசைப் போன் மூன்றுக்கும் உங்கள் இடத்திலேயே மின்சாரம் வேண்டும். மோடத்துக்கென்று விற்கும் சிறிய யூபிஎஸ் ஒன்று போட்டால் சில மணி நேரம் தாங்கும். 2016இல் வர்தா புயலும் 2018இல் கஜா புயலும் மின்கம்பங்களைச் சாய்த்தது போன்ற நிலைமைக்கு அது போதாது. அத்தகைய நாளில் அழைப்பு தானாகவே செல்போனுக்குத் திரும்பும்படி சர்வரிலேயே முன்கூட்டி அமைத்துவைக்க வேண்டும். எண் பட்டியலில் ஒரு வரியாக இருப்பதன் நன்மை இங்கே கைகொடுக்கிறது: அலுவலகம் முழுக்க இருண்டாலும் எண் உயிரோடிருக்கும்.

பிரிட்டன் கெடுவைத் தள்ளிவைத்ததன் பின்னணியும் இதை ஒட்டியதுதான். தனியாக வாழும் முதியவர்கள் கழுத்தில் தொங்கவிட்டு, விழுந்தால் அழுத்தி உதவி கேட்கும் கருவிகள் அங்கே பழைய லைனில் ஓடுகின்றன. புதிய இணைப்புக்கு மாற்றிய சில வீடுகளில் அவை வேலை செய்யவில்லை. 2023 டிசம்பரில் அரசும் தொலைபேசி நிறுவனங்களும் கூடி, கட்டாய மாற்றத்தை நிறுத்திவைத்தார்கள். நம் கட்டடங்களில் லிஃப்ட்டுக்குள் இருக்கும் போன், தீ எச்சரிக்கைப் பெட்டி, ஃபேக்ஸ் இயந்திரம் எல்லாம் இதே வகை. மாற்றும் முன் எது எது அந்தக் கம்பியில் தொங்குகிறது என்று ஒருமுறை கட்டடத்தைச் சுற்றிப் பார்க்க வேண்டும்.

சட்டம் எங்கே கோடு கிழிக்கிறது

இந்தியாவில் இணையத் தொலைபேசிக்கு 2002 ஏப்ரல் 1 முதலே அனுமதி உண்டு. ஆனால் உள்நாட்டில் கணினியிலிருந்து சாதாரணத் தொலைபேசியை அழைக்க அப்போது அனுமதிக்கவில்லை. 2017 அக்டோபரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் பரிந்துரை செய்து, 2018இல் தொலைத்தொடர்புத் துறை தெளிவுபடுத்திய பிறகே அந்தக் கதவு திறந்தது. அந்த ஆண்டு ஜூலையில், செயலி வழியே எந்தத் தொலைபேசியையும் அழைக்க உதவும் பிஎஸ்என்எல் விங்ஸ் சேவை வந்தது.

இன்றும் நிற்கும் கோடு இதுதான்: பொதுத் தொலைபேசி எண்ணோடு இணைவது உரிமம் பெற்ற நிறுவனத்தின் வழியாகவே நடக்க வேண்டும். ஜூம் போன்ற உலக நிறுவனம்கூட 2023இல் இங்கே உரிமம் வாங்கி, 2024இல் புனேயில் தொடங்கித்தான் தொலைபேசிச் சேவையைத் தர முடிந்தது.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? பணமும் பாதுகாப்பும் காரணம். 2021 ஜனவரி 1 முதல் உள்நாட்டில் ஒரு நிறுவனத்தின் அழைப்பை இன்னொன்று ஏற்பதற்குக் கட்டணம் பூஜ்யம். வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்புக்கோ நிமிடத்துக்கு 35 முதல் 65 பைசா என்று 2020இல் டிராய் வரையறுத்தது. இந்த இடைவெளியில்தான் சிம் பாக்ஸ் கும்பல்கள் பிழைக்கின்றன. வெளிநாட்டு அழைப்பை இணையத்தில் கொண்டுவந்து, நூற்றுக்கணக்கான சிம் செருகிய பெட்டி வழியாக உள்ளூர் அழைப்பாக இறக்கிவிடுவார்கள். கட்டணமும் போகும், யார் அழைத்தார் என்ற தடமும் அழியும். "உங்கள் மாடியில் ஒரு பெட்டி வைக்கிறோம், மாத வாடகை தருகிறோம், இணைய இணைப்பு மட்டும் கொடுங்கள்" என்று யாராவது வந்தால் உடனே மறுத்துவிடுங்கள். அனுமதியின்றித் தொலைத்தொடர்புச் சேவை தருவதற்கு 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தில் மூன்று ஆண்டு வரை சிறை, 2 கோடி ரூபாய் வரை அபராதம் என்று இருக்கிறது.

எண் பொய் சொல்லலாம், எண்ணைத் திருடலாம்

கம்பியில் கட்டிய எண்ணைப் போலியாக்குவது கடினம். இப்போது அழைப்பவரின் எண் என்பது சிப் செய்தியில் எழுதி அனுப்பும் ஒரு வரி. எழுதுபவர் எதையும் எழுதலாம். வெளிநாட்டிலிருந்து வரும் மோசடி அழைப்பு இந்திய எண்ணோடு திரையில் தெரிவது இப்படித்தான். 2024 அக்டோபரில் அத்தகைய அழைப்புகளை வடிகட்டும் அமைப்பைத் தொலைத்தொடர்புத் துறை தொடங்கியபோது, முதல் 24 மணி நேரத்தில் சுமார் 1.35 கோடி அழைப்புகள் பிடிபட்டதாக அறிவித்தது.

சிறு நிறுவனங்களை நேரடியாகத் தாக்குவது வேறொன்று. சிப் சர்வர்கள் வழக்கமாகக் கேட்கும் 5060 என்ற போர்ட்டை (இணைய வாசல் எண்ணை) உலகம் முழுக்கத் தட்டிப்பார்க்கும் நிரல்கள் இரவும் பகலும் ஓடுகின்றன. எக்ஸ்டென்ஷன் 101, பாஸ்வேர்டும் 101 என்று வைத்திருந்தால் வெகு சீக்கிரம் நுழைந்துவிடுவார்கள். சனிக்கிழமை இரவு உள்ளே வந்து, திங்கள் காலை வரை வெளிநாட்டு உயர்கட்டண எண்களுக்கு அழைத்துக்கொண்டே இருப்பார்கள். பில் உங்கள் பெயரில் வரும். ஐஎஸ்டி தேவையில்லை என்றால் தொலைபேசி நிறுவனத்தின் பக்கத்திலேயே பூட்டச் சொல்லுங்கள், உங்கள் பெட்டியில் பூட்டினால் போதாது. நாளுக்கு இவ்வளவு ரூபாய் என்ற உச்சவரம்பும் அங்கேயே இருக்கட்டும்.

கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டியவை

1. "எண் யாருடையது?" செல்போன் எண்ணை நிறுவனம் மாற்றி எடுத்துச்செல்லும் வசதி நாடு முழுக்க 2011 முதல் உண்டு. லேண்ட்லைனுக்கு இந்தியாவில் அது இல்லை. நிறுவனம் மாறினால் எண் போய்விடும். ஆகவே பழைய எண்ணைத் தக்கவைப்பது முக்கியம் என்றால், அதே நிறுவனத்தின் ஃபைபர் அல்லது சிப் சேவைக்கு மாறுவதுதான் பாதுகாப்பு. "எண் மாறாது" என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

2. "எண்ணை ஒதுக்கும் உரிமம் உங்களுடையதா, வேறு நிறுவனத்திடம் வாங்கித் தருகிறீர்களா?" இரண்டாவது என்றால், இவர் தொழிலை மூடினால் எண்ணின் கதி என்ன என்று அடுத்துக் கேளுங்கள்.

3. "குரல் சர்வர் எந்த ஊரில்? பதிவான பேச்சு எங்கே சேமிக்கப்படுகிறது?"

4. "அவசர உதவிக்கு 112 அழைத்தால் என்ன ஆகும்?" திருப்பூர் எண்ணை லேப்டாப்பில் போட்டுக்கொண்டு பெங்களூரில் உட்கார்ந்து அழைத்தால், பதிவில் இருக்கும் முகவரி திருப்பூர்தான். அதைவிட எளிய ஆபத்து ஒன்று இருக்கிறது. வெளி அழைப்புக்கு முன்னால் 9 அல்லது 0 அழுத்த வேண்டிய அலுவலகங்களில் 112 நேரடியாகப் போகாமல் நின்றுவிடலாம். 2013இல் அமெரிக்காவின் டெக்சஸில் ஒரு ஹோட்டல் அறையில் கேரி ஹன்ட் என்ற பெண் தாக்கப்பட்டபோது, அவருடைய ஒன்பது வயது மகள் அந்நாட்டு அவசர எண்ணான 911ஐ நான்கு முறை அழுத்தினாள். முன்னால் 9 சேர்க்க வேண்டும் என்று அந்தக் குழந்தைக்குத் தெரியாது. அழைப்பு வெளியே போகவே இல்லை. தாய் இறந்துபோனார். நேரடியாக 911 போக வேண்டும் என்று அங்கே அவர் பெயரில் சட்டம் வந்தது. 2020 பிப்ரவரி முதல் நிறுவப்படும் அலுவலகத் தொலைபேசிகளுக்கு அது பொருந்தும். உங்கள் ஈபிஏபிஎக்ஸில் 112, 108, 101 மூன்றும் முன் இலக்கம் இல்லாமலேயே போகும்படி அமைத்துத் தரச் சொல்லுங்கள். நிறுவ வந்தவர் கிளம்பும் முன், எந்த விதி எந்த எண்ணை வெளியே விடுகிறது என்பதைத் திரையில் காட்டச் சொல்லிப் பார்த்துக்கொள்ளுங்கள்.